பக்மானின் பசியும் பண்டிதர்களின் பசியும்

மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம். அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வெட்டுத்தான் வாய். இருண்ட ஒழுங்கைகளுக்குள் ஓடி ஓடி அது 240 சிறு புள்ளிகளையும் நான்கு பெரிய உருண்டைகளையும் தின்று முடிக்க வேண்டும். நான்கு பேய்கள் துரத்தும். பிடிபட்டால் ஓர் உயிர் போகும். 1980 மே மாதத்தில் தோக்கியோவில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட பக்மான் என்ற விளையாட்டு இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று விட்டுவிட மனித மனம் இலேசில் சம்மதிப்பதில்லை. பக்மான் முதலாளித்துவத்தின் படிமம் என்பார் ஒருவர். தின்பதற்கென்றே பிறந்து, தின்று தீர்த்ததும் மறுபடி நிரம்பிவிடும் அதே தட்டின் முன் நிறுத்தப்படும் நுகர்வோன் அவன். இல்லை, அவன் போதைக்கு அடிமையானவன். உருண்டையை விழுங்கியதும் சில விநாடிகள் வீரம், பின்னர் மீண்டும் பயம் என்பார் இன்னொருவர். திரையின் இடப்பக்க வாயிலால் வெளியேறி வலப்பக்கத்தால் திரும்பி வருவதைப் பிறவிச் சுழற்சி என்று கொள்வாரும் உளர். பழைய வீடியோ விளையாட்டுகளுக்கு இவ்வாறு உரை வகுப்பது, பல்கலைக்கழக ஆய்வேடுகளிலிருந்து மணித்தியாலக் கணக்கில் நீளும் காணொளிகள் வரை, கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அவற்றிற் கணிசமானவற்றை நான் விரும்பியே வாசித்திருக்கிறேன். கலைப்பீடத்தில் இலக்கியம் படித்தவனுக்கு இந்தப் பசி ஒன்றும் புதிதல்ல. ஆனால், வாசித்து முடித்த பின் ஒவ்வொரு முறையும் ஒரு குறை மனத்தில் தங்கிவிடுகிறது. இந்த உரைகளில் எல்லாம் இருக்கின்றன. அந்த விளையாட்டைச் செய்த மனிதரும் அவர் முன்னிருந்த இயந்திரமும்தான் இல்லை.

பக்மானை வடிவமைத்த தோரு இவாட்டானிக்கு அப்போது வயது 25. யப்பானின் நம்கோ கம்பனியில் வேலை. விளையாட்டு நிலையங்களில் எங்கு பார்த்தாலும் சுடுவதும் வெடிப்பதுமாக இருந்ததால் ஆண்களே அங்கு கூடினார்கள். பெண்களும் காதலர்களும் உள்ளே வருவதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தவர், உண்பது என்ற செயலைத் தெரிந்தெடுத்தார். வாயைத் திறந்து மூடி உண்ணும் ஒலிக்கு யப்பானியர் 'பக்கு பக்கு' என்பார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. முதலில் 'பக் மான்' என்பதன் ஆங்கில எழுத்துகள் வேறு விதமாக இருந்தன. அமெரிக்கக் குறும்பர்கள் முதலெழுத்தைச் சற்றே சுரண்டிவிட்டால் வசைச்சொல்லாகிவிடும் என்ற அச்சத்தில் அது மாற்றப்பட்டது. பேய்கள் இடைவிடாமல் துரத்தினால் ஆடுபவர் களைத்துப்போவார் என்பதனால், முதற் கட்டத்தில் அவை ஏழு விநாடிகள் தத்தம் மூலைகளுக்கு ஒதுங்குவதும் இருபது விநாடிகள் துரத்துவதுமாக அலையலையாக இயங்கும்படி அமைத்தார். நான்கு பேய்களுக்கும் நான்கு குணங்கள் கொடுத்தார். ஒன்று பின்னால் துரத்தும், ஒன்று முன்னால் மறிக்கும், ஒன்று எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, ஒன்று கிட்ட வந்து விலகிவிடும். முன்னால் மறிக்கும் பேய், பக்மான் மேல்நோக்கிப் போகும்போது மட்டும் குறி தப்பி, நான்கு கட்டங்கள் இடப்புறமாகவும் தள்ளிப் பாயும். இதற்கும் ஓர் உளவியல் விளக்கம் சொல்லிவிடலாம். உண்மையில் அது நிரலில் நேர்ந்த ஒரு கணக்குப் பிசகு.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கற்பனையைத் தூண்டுவது 256 ஆவது கட்டம். அதற்கு இவாட்டானி முடிவு எதனையும் வகுக்கவில்லை. ஆனால், அந்தக் கட்டத்தை அடைந்தவர்களின் திரையில் இடப்பாதி வழமைபோல் இருக்க, வலப்பாதி எழுத்துகளும் எண்களும் சிதறிய குப்பைமேடாகிவிடும். தேவையான புள்ளிகள் அங்கே இல்லை. அப்பால் போக வழியில்லை. பேராசையின் முடிவு, நாகரிகத்தின் சிதைவு, பிரளயம் என்று எதையும் இதில் ஏற்றலாம். நடந்தது இது: கட்டத்தின் எண்ணை வைத்திருக்க எட்டுத் துகள் இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் 255 வரைதான் எண்ண முடியும். அதற்கு அடுத்தது சுழியம். எத்தனை பழங்களைத் திரையின் அடியில் வரைய வேண்டும் என்று கணக்கிடும் பகுதி இதனாற் குழம்பி, ஏழு பழங்களுக்குப் பதிலாக 256 பழங்களை வரையத் தொடங்கிவிடுகிறது. பழங்கள் தீர்ந்துபோக, நினைவகத்தில் அடுத்துக் கிடப்பதையெல்லாம் அள்ளி இறைக்கிறது. பிரளயத்தை விட இது எனக்குச் சுவையாக இருக்கிறது.

இன்னொன்று. 1978 இல் டைட்டோ கம்பனிக்காக டொமொஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், வேற்றுக்கிரகப் படை வரிசை வரிசையாக இறங்கி வரும். சுட்டு வீழ்த்த வீழ்த்த எஞ்சியவை வேகம் எடுக்கும். கடைசியில் தனித்து நிற்கும் ஒன்று வெறிபிடித்ததுபோல் ஓடும். கூடவே ஒலிக்கும் நான்கு சுரங்களும் இதயத்துடிப்புப்போல் விரையும். படை அழிய அழியப் பகைவனின் ஆவேசம் பெருகுகிறது என்று போர் பற்றிய பெருங்கருத்து ஒன்றை இதிலிருந்து உருவாக்கலாம். போர் நடந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அது உண்மை என்றும் படலாம். ஆனால், அந்த வேகம் முதலில் திட்டமிட்டு வைக்கப்பட்டதன்று. அத்தனை உருவங்களையும் ஒரே வேளையில் வரைந்து நகர்த்த அந்த இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை. உருவங்கள் குறையக் குறையச் சுமை குறைந்து வேகம் கூடியது. நிஷிகாடோ அதைக் கண்டார். நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். 'கண்டார், விட்டுவிட்டார்' என்ற இரு சொற்களிலேதான் கலைஞன் இருக்கிறான் என்பது என் எண்ணம்.

நமது பழைய இலக்கணகாரருக்கு இவ்விடயத்தில் ஒரு நிதானம் இருந்தது. அகப்பாடலில் வெளிப்படச் சொல்லாத பொருளை உள்ளுறை என்ற தொல்காப்பியர், அதற்கு ஓர் எல்லையையும் வகுத்தார். தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களையே, அதாவது அந்த நிலத்தின் விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியவற்றையே நிலைக்களமாகக் கொண்டு உள்ளுறை பிறக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்ற முடியாது. பின்வந்த உரையாசிரியர்கள் எல்லோரும் இந்த நிதானத்தைப் பேணினார்கள் என்று சொல்ல முடியாது. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ப் பொருத்திப் பொருள் காண்பதில் பெயர்பெற்றவர். பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் மாற்றிக்கொண்ட வேதாசலம், 1903 இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது அந்த முறையைக் கடுமையாக மறுத்தார். ஆக, அளவுக்கு மீறிப் பொருள் காண்பதும் அதைக் கண்டிப்பதும் வீடியோ விளையாட்டோடு பிறந்தவை அல்ல.

தொல்காப்பியரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். ஒரு விளையாட்டின் நிலம் எது? அதன் விதிகளும் அது இயங்கும் இயந்திரமும். கருப்பொருள் அங்கே கிடைக்க வேண்டும். மாரியோவின் சிவப்புத் தொப்பியையும் மீசையையும் கண்டு அவரைப் பொதுவுடைமைவாதி ஆக்கிய உரைகளை வாசித்தபோது சிரித்தேன். 1981 இல் ஷிகேரு மியமோட்டோ அந்த உருவத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளால் வரைய வேண்டியிருந்தது. வாய் வரைய இடமில்லாததால் மீசை. ஓடும்போது தலைமயிர் அசைவதை வரைய இயலாததால் தொப்பி. கை அசைவு உடலோடு கலந்துவிடாதிருக்க இரு நிறத் தொழிலாளர் உடை. 1985 இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவந்தான். நிறம் மட்டும் வேறு. மண்ணும் விண்ணும் ஒன்றென்ற அத்துவைதம் அன்று. முழு விளையாட்டையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது.

ஆனால், தேடுபவர்கள் எப்போதும் ஏமாறுவதில்லை. 1988 இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' தொடங்கும்போது ஒரு திரைச்சீலை மேலெழும். மேடைத் தட்டுகள் பின்புறத்தில் ஆணிகளால் முடுக்கப்பட்டவைபோல் தோன்றும். சில மேலிருந்து தொங்கும். பொருள்களின் நிழல் பின்னாலுள்ள வானத்தின்மீதே விழும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மாரியோ மேடையின் ஓரத்து இருளுக்குள் நடந்து மறைவார். இவை அனைத்தும் ஒரு நாடகம் என்று சிலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். மிகை வாசிப்பு என்று மற்றவர்கள் நகைத்தார்கள். 2015 இல் ஒரு காணொளியில் இதனை நேரடியாகக் கேட்டபோது, மியமோட்டோ ஆம் என்று ஒப்புக்கொண்டார். அந்த வாசிப்பு வென்றதற்குக் காரணம் உண்டு. ஆணி, நிழல், திரைச்சீலை எல்லாம் அந்த நிலத்தின் கருப்பொருள்களே. எவரும் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவில் நிற்பது டெட்ரிஸ். அதனைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1984 இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கல்விக்கழகத்தின் கணினி நிலையத்தில், அலெக்சேய் பஜித்னோவ் இதனை 'இலெக்ட்ரோனிக்கா 60' என்ற கணினியில் எழுதினார். அதில் படம் வரையும் வசதி கிடையாது. ஆகவே, அடைப்புக்குறிகளைச் சேர்த்துக் கட்டங்கள் செய்தார். ஐந்து சதுரங்களாலான பழைய புதிர் ஒன்றைச் சுருக்கி நான்கு சதுரங்களாக்கினார். நான்கு சதுரங்களை ஒட்டினால் ஏழு வடிவங்கள்தான் வரும். அவை மேலிருந்து விழும். ஒரு வரி நிரம்பினால் மறையும். இதில் கதை இல்லை, பாத்திரம் இல்லை, நாடு இல்லை. ரஷ்யத்தனம் முழுவதும் பின்னர் மேற்குலகில் ஒட்டப்பட்டது. சிவப்புப் பெட்டியும், வெங்காயக் குவிமாடங்கள் கொண்ட தேவாலயமும், இடம்வலம் திருப்பிய ஆங்கில எழுத்தும் விற்பனையாளரின் கைவண்ணம். 1989 இல் கேம் போய் கருவியில் ஒலித்த நாட்டுப்பாடலைத் தெரிந்தெடுத்தது மொஸ்கோ அன்று, யப்பான். இன்று எவரேனும் அந்த மெட்டை வைத்து டெட்ரிஸின் ஸ்லாவிய ஆன்மாவை விளக்க முற்பட்டால், அவர் விளக்குவது ஒரு விளம்பரத்தை.

1997 இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜேனெட் மரே, 'ஹாம்லட் ஒன் த ஹோலோடெக்' என்ற தமது நூலில், டெட்ரிஸை 1990 களின் அமெரிக்க வாழ்க்கையின் நிகழ்த்துகையாகக் கண்டார். வேலைகள் இடைவிடாது வந்து விழுகின்றன. எப்படியோ அவற்றைப் பொருத்தி மேசையைத் துப்புரவாக்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. 2001 இல் 'கேம் ஸ்டடீஸ்' என்ற ஆய்விதழின் முதல் இதழில், பின்லாந்தைச் சேர்ந்த மார்க்கு எஸ்கெலினென் இதன்மீது பாய்ந்தார். விளையாட்டை ஆராயாமல் தமக்குப் பிடித்த உள்ளடக்கத்தை அதன்மீது ஏற்றுகிறார் மரே, இது பொருள்கோளின் பெயரால் நடக்கும் வன்முறை என்பது அவருடைய குற்றச்சாட்டு. விளையாட்டை விதிகளாக மட்டும் பார்ப்போருக்கும் கதையாகப் பார்ப்போருக்கும் இடையில் நடந்த பெரிய சண்டையின் அடையாளமாக இந்த ஒரு பந்தி நிலைத்துவிட்டது. 2005 இல் வன்கூவர் மாநாட்டில் மரே அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியும் வந்தது.

என்னுடைய தீர்ப்பு இருவருக்கும் உவப்பாக இராது. மரே தொட்ட இடம் சரி. ஓய்வின்றி வந்து விழுதல் என்பது டெட்ரிஸின் விதி. தொப்பியின் நிறம்போல் மேற்பூச்சு அன்று. அந்த விதி தரும் நெருக்குதலை ஆடுபவர் விரல்களில் உணர்கிறார். அந்த உணர்வைப் பற்றிப் பேசக் கூடாது என்று எஸ்கெலினென் தடுப்பது, பாட்டின் யாப்பை மட்டும் படி, ஏன் கலங்கினாய் என்று கேட்காதே என்பதைப்போன்றது. ஆனால், மரே அந்த உணர்வுக்கு ஒரு நாட்டையும் ஒரு தசாப்தத்தையும் முகவரியாக எழுதினார். அதுதான் பொருந்தவில்லை. சோவியத் அலுவலகத்தில் ஒருவர் ஒழிந்த வேளையில் செய்தது அமெரிக்க அலுவலரின் களைப்பைச் சொல்கிறது என்றால், காலை ஏழரை மணிக்கு காலி வீதியில் வரும் தனியார் பஸ்ஸையும் அது சொல்கிறது. நடத்துநர் நம்மைப் பொருத்தும் விதத்தில் இன்னும் துல்லியமாகவே சொல்கிறது. எவர் வீட்டுக் கதவுக்கும் பொருந்தும் திறப்பை வைத்துக்கொண்டு இது என் வீடுதான் என்று நிறுவ முடியாது.

டெட்ரிஸில் உண்மையிலேயே அச்சமூட்டும் ஒரு பொருள் உண்டு. அது கணிதத்தில் இருக்கிறது. வளைந்த இரு வடிவங்களும் மாறி மாறி வந்துகொண்டேயிருந்தால், எவ்வளவு திறமையாக ஆடினாலும் தோல்வி நிச்சயம் என்று 1990 களில் கணிதவியலாளர்கள் நிறுவினார்கள். அதாவது, முடிவின்றி ஆடினால் முடிவு தோல்விதான். ஆயினும், 2023 டிசம்பரில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், 1989 ஆம் ஆண்டின் நின்டெண்டோ டெட்ரிஸை 157 ஆவது நிலைவரை கொண்டுபோய், இயந்திரமே உறைந்து நிற்கும்படி செய்தான். தோற்றது நிரல்.

இவ்வளவு நேரம் இதை ஒரு பொழுதுபோக்காகப் பேசினோம். மறைபொருள் தேடுவது எப்போதும் பொழுதுபோக்காக இருப்பதில்லை. 1998 இலும் 2000 இலும் இலங்கையில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்த எங்களுக்கு, வெட்டுண்ட செய்தி விட்டுச்சென்ற ஓட்டையை அடைப்பது அன்றாட வேலை. ஓரிரவு, 2000 ஆம் ஆண்டில், ஆமைகளின் ஆயுள் பற்றிக் கையிலிருந்த ஒரு துணுக்கை அப்படிப் போட்டோம். மறுநாள் மூன்று வாசகர்கள் தொலைபேசியில் அழைத்து, நோர்வேயின் சமாதான முயற்சியைத்தானே குறிப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். ஆமை அந்த நான்கு அங்குல இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது, அவ்வளவுதான். வாசகர் மீது எனக்கு வருத்தமில்லை. வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலம் அப்படித்தான் வாசிக்கப் பழக்குகிறது. அதே கண்ணால் எங்கள் பக்கங்களைத் தணிக்கையாளரும் வாசித்தார் என்பதுதான் சங்கடம். தலைப்பில் ஒரு சொல் ஏன் வந்தது என்று அவர் கேட்டால், ஒற்றைப் பத்தியில் அடங்கும் சொல் அதுதான் என்ற பதில் அவருக்குப் போதாது.

வீடியோ விளையாட்டின் வரலாற்றிலும் இது நடந்திருக்கிறது. பூச்சி பிடித்துத் திரிந்த தம் சிறுவயது நினைவிலிருந்து சதோஷி தஜிரி உருவாக்கி, 1996 இல் வெளிவந்தது போக்கிமொன். 2001 இல் சவூதி அரேபியாவின் மார்க்க அதிகாரபீடம் அந்த விளையாட்டையும் அட்டைகளையும் தடைசெய்தது. சூதாட்டம் என்பது ஒரு காரணம். ஆறுமுனை நட்சத்திரம் முதலிய சின்னங்கள் அதில் ஒளிந்திருக்கின்றன என்பது மற்றொன்று. போக்கிமொன் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தது ஒருமுறை உண்மை. 1997 டிசம்பர் 16 இல் யப்பானியத் தொலைக்காட்சியில் அதன் கார்ட்டூன் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த 685 பேர் வலிப்பு, மயக்கம் என்று மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காரணம் எந்தச் சின்னமும் அன்று. சிவப்பும் நீலமுமாக மிக விரைவாக மாறி மாறி மின்னிய வெளிச்சம். எல்லோர் கண்முன்னும் திரையிலேயே இருந்தது அது.

வேண்டுமென்றே பொருள் வைக்கப்பட்ட பழைய விளையாட்டு ஒன்றைச் சொல்வதென்றால், நான் 1980 இல் அட்டாரி வெளியிட்ட 'மிசைல் கொமாண்ட்' விளையாட்டைச் சொல்வேன். அதைச் செய்தவர் டேவ் தியூரர். வானத்திலிருந்து ஏவுகணைகள் விழும். கீழே ஆறு நகரங்கள். கலிபோர்னியக் கரையோரத்து நகரங்கள் ஆறினை மனத்தில் வைத்தே அவர் தொடங்கினார். காக்கலாம், பகைவனைத் திருப்பித் தாக்க முடியாது. தாக்கும் வசதியை அவர் விரும்பி விலக்கினார். எத்தனை அலைகளைத் தடுத்தாலும் அடுத்த அலை வரும். வெற்றி என்று ஒன்று அதில் இல்லை. கடைசி நகரமும் அழிந்ததும் வழமையான 'ஆட்டம் முடிந்தது' என்ற அறிவிப்புக்குப் பதிலாக, திரையை நிறைக்கும் வெடிப்பின் நடுவே 'முடிவு' என்று மட்டும் வரும். அதனை உருவாக்கிய மாதங்களிலும் அதன் பின்னரும் அணுகுண்டு விழும் கனவுகள் கண்டு விழித்ததாகத் தியூரர் சொல்லியிருக்கிறார். இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. இருந்தும் நாணயம் போட்டு ஆடிய சிறுவர்களுக்கு அது இன்னொரு சுடும் விளையாட்டுத்தான்.

ஒளித்துவைக்கப்பட்ட செய்தி ஒன்றும் உண்மையாகவே இருந்தது. அட்டாரியில் விளையாட்டு செய்பவர்களின் பெயரை வெளியிடும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. இலட்சக்கணக்கில் விற்றாலும் செய்தவருக்குச் சம்பளம் மட்டுமே. 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டைச் செய்த வொரன் ரொபினெட், கறுப்புக் கோட்டைக்குள் ஓர் அறையில் ஒரேயொரு சாம்பல் நிறப் புள்ளியைப் புதைத்தார். பின்னணியும் அதே சாம்பல் நிறம்; கண்ணுக்குத் தெரியாது. தற்செயலாக அதைத் தூக்கிக்கொண்டு குறித்த ஒரு சுவரண்டை போனால் சுவர் வழிவிடும். உள்ளே இருக்கும் அறையில், இதைச் செய்தவர் வொரன் ரொபினெட் என்ற வாசகம் நிறம் மாறி மாறி ஒளிரும். அலுவலகத்தில் ஒருவரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. வேலையை விட்டும் போய்விட்டார். 1980 இல், சோல்ட் லேக் நகரத்திலிருந்து 15 வயதுச் சிறுவன் ஒருவன், தான் கண்டுபிடித்ததை வரைபடத்துடன் விளக்கி அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். கம்பனிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை நீக்கலாமா என்று யோசித்தார்கள். சில்லுக்கு அச்சு மாற்றும் செலவு அதிகம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.